ஒரு தோட்டாவுக்கு ஒரு பிஸ்மில்லாஹ்

நியூஸிலாந்தில் பிழைக்கப் போயிருக்கும் என் தமையனாரின் பேரன் போன மாதம் ஒரு கேள்வி எழுதியிருந்தான். அந்த நாட்டில் முயல்கள் மேய்ச்சல் நிலங்களைப் பாழாக்கும் பிராணிகளாக எண்ணப்படுகின்றன. உரிமம் பெற்றவர் அவற்றைச் சுடச் சட்டத்தில் தடையில்லை. அவனோடு வேலை செய்பவர்கள் விடுமுறை நாட்களில் முயல் வேட்டைக்குப் போகிறார்கள். தானும் முறைப்படி உரிமம் பெற்று, 'பாயிண்ட் டூடூ' என்று நாம் சொல்லும் சிறிய ரைபிள் ஒன்று வாங்க அவனுக்கு ஆசை. கடையில் இரண்டு வகை காட்டினார்களாம். ஒன்றில், சுட்டபின் போல்ட்டைக் கையால் தூக்கிப் பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளி மடக்கினால்தான் அடுத்த தோட்டா குழலில் ஏறும். மற்றது, வெடித்த வேகத்திலேயே வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். விசையை அழுத்த அழுத்தச் சுட்டுக்கொண்டே இருக்கலாம். "சின்ன நன்னா, இரண்டில் எது நம் மார்க்கத்துக்குப் பொருத்தம்?" என்று கேட்கிறான்.

எனக்கு இது புதிய கேள்வியன்று. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் குன்னூரை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில், இதே கேள்வி இரண்டு துப்பாக்கிகளாக என் கண்முன் நின்றது. நான் ஆலிம் அல்லன். ஆலிம்களிடம் கேட்டறிந்ததையும், என் அத்தாவிடம் கண்டதையும் வைத்தே எழுதுகிறேன். தவறிருந்தால் அறிந்தவர்கள் திருத்துவார்களாக.

முதலில் கருவியைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ரைபிளின் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிவிளிம்பைச் சுற்றி அடைக்கப்பட்டிருக்கும். ஊசி விளிம்பைத் தட்டினால் வெடித்துவிடும். இன்று உலகெங்கும் புழங்கும் 'லாங் ரைபிள்' தோட்டா 1887ல் அமெரிக்காவில் செய்யப்பட்டது. அதன் ஈயக்குண்டு சுமார் இரண்டரை கிராம்தான். விலை மலிவு, சத்தம் குறைவு, தோளில் உதைப்பு இல்லை என்றே சொல்லலாம். முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் இது போதும் என்பது வேட்டைக்காரர்களின் கணக்கு. விளையாட்டுச் சாமான் போலத் தோன்றும் இதுவே, வழியில் எதுவும் தடுக்காவிட்டால் ஒரு மைலுக்கும் அப்பால் போய் விழக்கூடியது என்பதைப் பலர் நினைப்பதில்லை. நீலகிரியில் நான் பார்த்தவை பெரும்பாலும் போல்ட் வகைதான். வங்காளத்து ஈசாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்பட்ட சிறு ரைபிளும் அந்த வகையே. தானே ஏற்றிக்கொள்ளும் ரைபிள்களை நம் நாட்டு ஆயுதச் சட்ட விதிகள் பெரும்பாலும் தடுக்கப்பட்ட வகையிலேயே வைத்திருக்கின்றன.

இனி ஷரீஅத்தின் பக்கம் வருவோம். வேட்டை நம் மார்க்கத்தில் ஆகுமானது. பழக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை, அல்லாஹ்வின் திருநாமம் கூறி உண்ணலாம் என்று திருமறையின் ஐந்தாம் அத்தியாயமான ஸூரத்துல் மாயிதாவில் அனுமதி வந்திருக்கிறது. அதற்கு முந்திய வசனத்திலேயே, அடிபட்டுச் செத்தது விலக்கப்பட்டவற்றில் ஒன்றாக எண்ணப்பட்டுள்ளது. அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் கேட்ட கேள்விக்கு விடையாக, எறிகோலின் கூர்முனை பட்டுத் துளைத்ததை உண்ணலாம், அதன் பக்கவாட்டு மோதிச் செத்ததை உண்ணலாகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டினார்கள்.

துப்பாக்கி வந்தபோது இமாம்கள் இந்த இடத்தில்தான் கருத்து வேறுபட்டார்கள். ஈயக்குண்டுக்கு வெட்டும் விளிம்பு கிடையாது, அது மோதியும் பொசுக்கியும் கொல்கிறது. எனவே உயிரோடு கையில் கிடைத்து அறுத்தாலன்றி அந்தப் பிராணி ஹலாலாகாது என்பது ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஆபிதீன் (மறைவு 1836) போன்றோரின் முடிவு. குண்டு உடலைத் துளைத்து இரத்தத்தை ஓட்டுகிறது, ஆகவே அது அம்பைப் போன்றதே என்று மாலிக்கி மத்ஹபின் இமாம் தர்தீர் (மறைவு 1786) போன்றவர்கள் அனுமதித்தார்கள். நம் வீட்டார் ஹனஃபிகள். ஆகையால் எங்களுக்குத் துப்பாக்கி பாதி வேலைதான். மீதி வேலை கத்திக்கு.

அத்தா வேட்டைக்குப் போனதும் அதனால்தான். அவர்களுக்குச் சுடத் தெரியாது. குன்னூர் பஜாரில் சிறிய கடை வைத்திருந்தார்கள். ஒரு தோட்டத்தில் டீ மேக்கராக இருந்தவர் நம்மவர். அவரிடம் போல்ட் ரைபிள் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபஜ்ரு தொழுதுவிட்டுக் கிளம்புவார்கள். தீட்டிய கத்தியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு அத்தா போவார்கள். அவர் சுட்டதும் இவர்கள் ஓட வேண்டும். பனியில் நனைந்த தேயிலைச் செடிகளுக்கிடையே அந்த வயதில் அவர்கள் ஓடியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. கால் உதறுகிறதா, கண் அசைகிறதா என்று பார்த்து, உயிர் இருந்தால் அறுப்பார்கள். இல்லையேல் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சந்தேகமானதை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்ததே இல்லை.

ஒரு டிசம்பர் மாதம் டீ மேக்கரின் உறவினர் ஒருவர் விருந்தாளியாக வந்தார். வெளிநாட்டில் வாங்கிய, தானே ஏற்றிக்கொள்ளும் ரைபிள் அவரிடம் இருந்தது. நானும் உடன் போயிருந்தேன். ஒரு முயல் சரிவில் எழுந்து ஓடியது. டப், டப், டப் என்று அவர் சுட்டுக்கொண்டே போனார். முயல் உருண்டது. தரையில் கிடந்த வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கினேன்; இன்னும் சூடாக இருந்தன. ஏழு இருந்தன. அத்தா போய்ச் சேருமுன் முயல் அடங்கிவிட்டது. கீழே லைன் வீடுகளின் தகரக்கூரையில் ஏதோ கணீரென்று விழுந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து நின்று மேலே பார்த்தாள். நாங்கள் யாரும் எதுவும் பேசவில்லை.

திரும்பி வரும் வழியில் அத்தா என்னிடம் மெதுவாகக் கேட்டார்கள்: "ஏழுக்கும் பிஸ்மி சொல்லியிருப்பாராடா?"

வெறும் பேச்சுக்காகக் கேட்ட கேள்வி என்று அன்று நினைத்தேன். பிற்காலத்தில் ஓர் ஆலிம் 'ஹிதாயா'விலிருந்து எடுத்துச் சொன்னபோதுதான் அதன் ஆழம் விளங்கிற்று. அறுக்கும்போது தஸ்மியா பிராணியைச் சேரும். ஒரு கத்தியைக் கீழே போட்டுவிட்டு மற்றொன்றால் அறுத்தாலும் கூடும். வேட்டையிலோ தஸ்மியா அம்பைச் சேரும். ஓர் அம்புக்குப் பெயர் கூறிவிட்டு அதை வைத்துவிட்டு வேறோர் அம்பை எய்தால், அது கொன்றதை உண்ணலாகாது. குண்டை அம்பாகக் கொள்ளும் இமாம்களின் வழியில் போகிறவருக்கு இது சிந்திக்க வேண்டிய விஷயம் அல்லவா? போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்கும் நேரம் சரியாக ஒரு பிஸ்மில்லாஹ் சொல்லும் நேரம். மற்ற ரைபிளிலும் சொல்லலாம்தான், யாரும் தடுக்கவில்லை. ஆனால் விரல் நாவை முந்திவிடுகிறது. ஷாபிஈ மத்ஹபில் தஸ்மியா ஸுன்னத்துத்தான் என்று சிலர் சொல்வார்கள். அதை நான் மறுக்கவில்லை. இங்கே என் கவலை, ஓர் உயிரை எடுக்கிறோம் என்ற நினைவு ஒவ்வொரு தோட்டாவுக்கும் இருந்ததா என்பதே.

பல்லியைக் கொல்வதுபற்றி ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீது வருகிறது. முதல் அடியில் கொன்றவருக்கு நன்மை அதிகம், இரண்டாவதில் குறைவு, மூன்றாவதில் அதைவிடக் குறைவு. அழிக்க வேண்டிய பிராணி விஷயத்திலேயே அடிகளின் எண்ணிக்கை கணக்கில் வருகிறது என்றால், முயலின் விஷயத்தில் சொல்ல வேண்டுமா?

எனினும் அந்த விருந்தாளி அன்று ஒன்று சொன்னார். அதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. "பாய், போன வாரம் என்ன நடந்தது? உங்கள் போல்ட் ரைபிளில் கால் உடைந்த முயல் புதருக்குள் போய்விட்டதாமே. என்னுடையதாக இருந்தால் அடுத்த நொடியே அதன் வேதனையை முடித்திருப்பேன்" என்றார். அது உண்மை. அத்தாவும் டீ மேக்கரும் ளுஹர் நேரம்வரை செடிச் செடியாகத் தேடியும் அந்த முயல் கிடைக்கவில்லை. அறுப்பதையும் அழகுறச் செய்ய வேண்டும், கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், பிராணிக்கு ஆறுதல் தரவேண்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை. வேதனையை விரைவில் முடிப்பதுதான் இரக்கம் என்றால், விரைவான இரண்டாவது குண்டும் இரக்கம்தானே?

நான் பலகாலம் யோசித்துக் கண்டது இதுதான். இரண்டாவது குண்டு கைவசம் இருக்கிறது என்ற தைரியம் முதல் குண்டையே கெடுத்துவிடுகிறது. ஒன்றுதான் என்று தெரிந்தவன் முயல் நிற்கும்வரை காத்திருப்பான், பின்னால் மண்மேடு இருக்கிறதா, மனிதர் நடமாட்டம் இருக்கிறதா என்று பார்ப்பான், ஐயம் வந்தால் துப்பாக்கியைத் தாழ்த்திவிடுவான். ஓடுகிற முயலை நோக்கி டீ மேக்கர் சுட்டதை நான் ஒருமுறையும் பார்த்ததில்லை. ஆனால் போல்ட் ரைபிளே ஒருவனைப் பொறுமைசாலி ஆக்கிவிடும் என்றும் சொல்லமாட்டேன். அவசரக்காரன் கையில் அதுவும் லைன் வீட்டுக் கூரையைத் தேடிப்போகும்.

அதற்கடுத்த வாரம் நடந்ததுதான் என்னை இன்றளவும் விடவில்லை. டீ மேக்கர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்: "பாய், தலையில் சுட்டால் உங்கள் கத்திக்குமுன் அடங்கிவிடுகிறது. இடுப்பில் சுடட்டுமா? ஓடமுடியாமல் கிடக்கும். நீங்கள் நிதானமாக வந்து அறுக்கலாம்."

அத்தா உடனே விடை சொல்லவில்லை. சட்டப்படி பார்த்தால் அவர் சொன்ன வழியில் இறைச்சி ஹலால். ஆனால் நம் ஹலாலுக்காக ஒரு பிராணி முதுகெலும்பு உடைந்து நாம் நடந்து வரும்வரை துடித்துக் கிடக்க வேண்டும். தலையில் சுட்டால் அதற்கு வேதனையில்லை, நமக்கு இறைச்சியில்லை. இறைச்சியுமில்லாமல் கொன்றால், ஒரு சிட்டுக்குருவியை அதன் ஹக்கின்றிக் கொன்றவனும் விசாரிக்கப்படுவான், அந்த ஹக்கு அறுத்து உண்பதே என்ற ஹதீதின் முன் நிற்க வேண்டும். போல்ட்டாக இருந்தாலும் மற்றதாக இருந்தாலும் இந்த முடிச்சை அவிழ்க்கும் துப்பாக்கி எதுவும் இல்லை.

"சுடுவதாக இருந்தால் தலையிலேயே சுடுங்கள் சார். எனக்கு வேண்டாம்" என்றார்கள் அத்தா. அதற்குப் பிறகு அவர்கள் போகவில்லை. கடையில் ஞாயிறு வியாபாரம் இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். டீ மேக்கரோடு கொண்ட சிநேகத்தில் குறைவேதும் வரவில்லை.

நீலகிரியில் இன்று இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1877ல் இங்கே வேட்டைக்காரர்களே ஒரு வேட்டைச் சங்கம் அமைத்தார்கள். 1879ல் இம்மாவட்டத்துக்கென்றே வேட்டைப் பிராணிகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சுட உரிமம் வேண்டும், குறிப்பிட்ட மாதங்களில் சுடக்கூடாது என்றெல்லாம் விதிகள். சுடுவதற்கு மிச்சம் வேண்டுமே என்று பாதுகாத்தவர்கள் அவர்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆயினும் வரையாடு இன்று மலையில் எஞ்சியிருப்பதில் அதற்கும் பங்குண்டு. பின்னர் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் திருத்தங்களுக்குப் பின் முயலானாலும் காட்டுக்கோழியானாலும் வேட்டையாடுவது குற்றம். நாட்டின் சட்டத்தை மீறிச் சுட்டதை ஹலாலாக அறுத்தேன் என்று பெருமை பேசும் ஒருசிலரை இன்றும் கேள்விப்படுகிறேன். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற ஏவலோடுதான் வேட்டை விதிகள் வரும் அதே ஸூரா தொடங்குகிறது என்பதை அவர்கள் கவனிக்கட்டும்.

பேரன் இருக்கும் நாட்டிலோ இரண்டு வகையும் கிடைக்கின்றன. 2019 மார்ச் 15 வெள்ளியன்று கிரைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்கு வந்த 51 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன்பின் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றை அந்த அரசு தடைசெய்தது. பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாத இந்தச் சிறு ரைபிளை வேட்டைக்கென்று விட்டுவைத்தது. அந்தக் கடையில் அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது உனக்கு என்ன தோன்றியது என்று பேரனிடம் கேட்டிருக்கிறேன்.

அவனுக்கு எழுதிய பதிலில் வேறு அதிகம் சொல்லவில்லை. வாங்குவதானால் போல்ட் ரைபிள் வாங்கு. குண்டு பட்டுச் செத்ததை உண்பதுபற்றி அங்குள்ள ஆலிம் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள். முயல் கையில் கிடந்தபின் கேட்காதே. ரைபிள் வாங்குமுன் ஒரு கோழியையாவது உன் கையால் அறுத்துப் பார். பயிரைக் காக்கவே சுடுகிறார்கள் என்றால் அந்த நிலத்துக்காரனே சுட்டுக்கொள்ளட்டும். விடுமுறைப் பொழுதுபோக்குக்கு நீ போக வேண்டியதில்லை. அத்தாவின் கத்தி என்னிடம்தான் இருக்கிறது, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இன்றும் அதைத்தான் தீட்டுகிறோம் என்றும் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.