கயிறு யார் கையில்

பெண் பாத்திரங்களைப் பற்றி நம்மிடையே நடக்கிற பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில் போகிறது. பாத்திரம் முழுமையாக வந்திருக்கிறதா, அவள் மனம் திறந்து காட்டப்பட்டிருக்கிறதா, ஆசிரியன் ஆணாக இருந்தும் பெண் மனத்துக்குள் புக முடிந்திருக்கிறதா என்று. இந்தக் கேள்விகளுக்கு இடம் உண்டு. ஆனால் இவற்றுக்கு முந்தின கேள்வி ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கதையில் ஒரு கேடு நிகழும்போது அதற்குக் காரணமாக யார் நிறுத்தப்படுகிறார்கள்? ஆண் காரியம் செய்கிறவனாக வருகிறான். பெண் அந்தக் காரியம் கெட்டதற்குக் காரணமாக வருகிறாள். மன ஆழம், சலனம், கவித்துவம் எல்லாவற்றையும் அவளுக்குக் கொடுத்துவிட்டு, கூடவே பழியையும் கொடுத்துவிட முடியும். கொடுத்திருக்கிறார்கள். நானும் கொடுத்திருக்கிறேன்.

நான் வேம்பார்க்காரன். தூத்துக்குடி ஜில்லாவின் வடகோடியில், ராமநாதபுரம் எல்லையை ஒட்டிய ஊர். முத்துக்குளித்துறையின் ஏழு ஊர்களில் ஒன்று. பிழைப்பு வெளியூரில், வங்கி கவுண்டரில். ஆனால் இந்த விஷயத்தை யோசிக்க எனக்குக் கிடைத்த இடம் எங்கள் கடல்தான்.

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். நான் பார்த்ததில்லை, கேட்டதும் படித்ததும்தான். 5 முதல் 10 பாகம் ஆழம். குளியாளி காலில் கல்லைக் கோத்துக்கொண்டு இறங்குகிறான். மூச்சுத் தாங்குவது ஒரு நிமிஷம், கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம். சிப்பியை அள்ளி முடித்ததும் கயிற்றை அசைக்கிறான். தோணியில் நிற்பவன் இழுத்துத் தூக்குகிறான். மேலே நிற்பவனின் கவனம் கயிற்றை விட்டு அகலக்கூடாது. அந்த வேலைக்கு மச்சினனை நிறுத்துவது வழக்கம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். தன் கூடப்பிறந்தவள் தாலி இழப்பதை எவனும் விரும்ப மாட்டான் என்பது கணக்கு. மலைத்தேன் எடுக்கிறவர்களிடமும் இதே கணக்குதான். மச்சான் துணையிருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்ற பழமொழிக்கு அப்படித்தான் அர்த்தம் சொல்கிறார்கள்.

சுறாவுக்கு வேறு ஏற்பாடு இருந்தது. கடல்கட்டி என்று ஒருவர். பரம்பரை உத்தியோகம். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவார். அதற்குச் சிப்பியில் அவருக்குப் பங்கு. வெள்ளைக்கார அதிகாரிகள் இதை எழுதிவைத்திருக்கிறார்கள். மூடநம்பிக்கைதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழிலிலும் சரி, தொழிலைச் சுற்றிய நம்பிக்கையிலும் சரி, குளியாளியின் உயிருக்குப் பொறுப்பாளி ஓர் ஆண். இன்னார் என்று கைகாட்டக்கூடிய ஆண். கரையிலிருக்கும் பெண் இந்த ஏற்பாட்டில் வருவது இழக்கப்போகிறவளாக மட்டும். எங்கள் வங்கி பாஷையில் சொன்னால், அவள் தாலி ஈடு. கடன் அவள் பேரில் இல்லை.

கதைக்குள் வந்ததும் இது தலைகீழாகிவிடுகிறது.

சங்கரதாஸ் சுவாமிகள் எங்கள் ஜில்லாவில், காட்டுநாயக்கன்பட்டியில், 1867-ல் பிறந்தவர். ‘சத்தியவான் சாவித்திரி’யில் எமன் வேஷம் கட்டியவர். 1918-ல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பெண் வேஷமும் பையன்களுக்குத்தான். புருஷனின் உயிரை ஒரு மனைவி தன் கற்பின் பலத்தால் மீட்கிற வாதம் முழுவதும் இப்படி ஆண்களுக்குள்ளேயே நடந்து முடிந்தது. சாவித்திரி உன்னதமான கற்பனை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையை மறுபக்கம் திருப்பிப் படிக்கவும் ஜனங்களுக்குத் தெரியும். புருஷன் திரும்பி வராத வீட்டில் இருப்பவள் சாவித்திரி அல்ல என்று.

தகழியின் ‘செம்மீன்’ (1956) இந்த மறுபக்கத்தை நாவலாகவே ஆக்கியது. கடலுக்குப் போனவனின் உயிர் கரையிலிருக்கும் மனைவியின் கற்பில் இருக்கிறது என்பது அதன் அச்சாணி. சுந்தர ராமசாமியின் தமிழில் முதல் முறை படித்தபோது நான் கலங்கிப்போனேன். கறுத்தம்மா சாதாரணச் சிருஷ்டி அல்ல. ஆனால் முடிவைப் பாருங்கள். அவள் கரையில் பரீக்குட்டியைச் சந்திக்கிற அதே இரவில் பழனியைக் கடல் கொண்டுபோகிறது. அந்த நம்பிக்கை உண்மை என்று தகழி எங்கும் சொல்லவில்லை என்று வாதிடலாம். சொல்லவில்லைதான். ஒரு நம்பிக்கை பாத்திரத்தின் வாயில் இருந்தால் அது யதார்த்தம். சம்பவங்களும் அந்த நம்பிக்கைக்குக் கீழ்ப்படிந்தால் அது ஆசிரியனின் தீர்ப்பு.

இதில் விசித்திரம் என்னவென்றால், வேறொரு காரணமும் நாவலுக்குள்ளேயே கிடக்கிறது. பழனி ஏன் தனியாகக் கடலுக்குப் போனான்? அவன் மனைவியைப் பற்றிய பேச்சைக் கேட்டுக் கூட்டாளிகள் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆழ்கடலில் ஒருவனைத் துணையில்லாமல் விட்டவர்கள் அவர்கள். கயிற்றை விட்ட கைகள் நாவலில் இருக்கின்றன. கதையின் உக்கிரம் முழுவதும் கரையில் நிற்கும் பெண்மேல் குவிந்துவிட்டதால் அந்தக் கைகளை யாரும் பார்ப்பதில்லை.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. பி.ஏ.வில் எங்களுக்கு ஸிஞ்சின் ‘ரைடர்ஸ் டு த ஸீ’ பாடமாக இருந்தது. 1904-ல் டப்ளினில் மேடையேறிய ஓரங்க நாடகம். மோர்யா என்ற கிழவி புருஷனையும் பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்தவள். மிஞ்சியிருக்கிற பார்ட்லியும் கிளம்புகிறான். அவனை ஆசீர்வதிக்க அவளுக்கு வாய் வரவில்லை. பின்னால் ஓடிப்போய்ச் சொல்லப் பார்த்தும் வார்த்தை தொண்டையில் நின்றுவிடுகிறது. அவன் சாகிறான். இங்கே கற்பு இல்லை, ஆசீர்வாதம் இருக்கிறது, சூத்திரம் ஒன்றுதான். வேடிக்கையாக, இந்த நாடகத்தில் நிஜமாகவே ஒரு கயிறு வருகிறது. கரை ஒதுங்கக்கூடிய பிள்ளையின் சவப்பெட்டியை இறக்க வேண்டும், கயிற்றை விட்டுவை என்கிறாள் கிழவி. குதிரைக்குக் கடிவாளம் கட்ட அதை எடுத்துக்கொண்டு போகிறான் பார்ட்லி. தண்ணீரில் தள்ளியது ஒரு குதிரை என்பதும் நாடகத்தில் இருக்கிறது. ஆனால் வகுப்பில் நாங்கள் விவாதித்தது வராமல் போன ஆசீர்வாதத்தைப் பற்றித்தான்.

குறியீட்டை வரவு செலவுக் கணக்காகப் பார்க்கிறாய் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். கடலம்மா ஒரு படிமம், படிமத்தை ஏட்டில் வரவு வைக்க முடியாது என்று. நான் கேட்பது இதுதான்: படிமத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? பெண்ணுக்கு இத்தனை பெரிய சக்தியைக் கொடுப்பது அவளுக்கு மரியாதை இல்லையா என்றும் கேட்கலாம். அவள் கேட்காத அதிகாரம் அது. கைக்கு எட்டாத கயிறு ஒன்றை ஒருத்தி கையில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, அறுந்ததும் அவளைப் பார்ப்பது மரியாதை ஆகாது.

நம் மரபில் வேறு வழியே இருந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. நெய்தல் என்றால் இரங்கல் என்று இலக்கணம் விதித்தது. ஆனாலும் நற்றிணையின் 45-ஆம் பாட்டில் வரும் பரதவர் மகள் காத்துக் கிடப்பவள் அல்ல. காயும் மீனைப் பறவைகளிடமிருந்து காப்பவள். எங்கள்மேல் புலால் நாறும், தள்ளி நில் என்று தேரில் வந்தவனிடம் தோழி சொல்கிறாள். அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது. மறுப்பதற்கு ஒரு வாக்கும் இருக்கிறது. பிறகு வந்த வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) செய்த காரியத்தை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். பிலோமி சாமிதாஸிடம் தன்னை இழக்கிறாள். அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். அதற்காகக் கடல் பொங்கவில்லை. அங்கே கடல்மேல் நடக்கிற கேடு லாஞ்சுக்காரர்களுக்கும் வல்லத்துக்காரர்களுக்கும் நடுவிலானது, ஆண்களின் தொழில் சண்டை. ஒரு பெண்ணைக் கடலின் கணக்கிலிருந்து வண்ணநிலவன் விடுவித்தார். ஒரு குறையும் எனக்குப் படுகிறது. பழியை எடுத்துவிட்ட இடத்தில் மன்னிக்கிற வேலையை அவளுக்குக் கொடுத்துவிட்டார். ஆண்கள் கோபப்பட்டுக்கொண்டே இருக்கலாம். பிலோமி எல்லோரையும் நேசிக்க வேண்டும். அதுவும் ஒரு சுமைதான்.

இவ்வளவும் சொல்லும் யோக்கியதை எனக்கு உண்டா என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

பத்து வருஷத்துக்கு முன் ஒரு கதை எழுதினேன். வெளியிட்ட பத்திரிகை நின்றுவிட்டது. சங்கு குளிக்கப் போனவன் மூச்சுத் திணறிச் சாகிறான். அதே பகலில் அவன் மனைவி கருவாடு வாங்க வந்தவனோடு திண்ணையில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் கதை. கரையில் சிரிப்பையும் கடலில் குமிழியையும் அடுத்தடுத்து வைத்ததை நண்பர்கள் பாராட்டினார்கள். பெண் மனத்தைத் தொட்டிருக்கிறாய் என்று ஒருவர் கடிதம் எழுதினார்.

அந்தப் பெண் என் அத்தை. மாமா சங்கு குளியாளி. அவர் இறந்தது 1999-ல். எனக்குப் பத்து வயது. அப்போது கல் போய்க் கம்ப்ரெசர் வந்திருந்தது. படகில் எஞ்சின் ஓட, குழாய் வழியே காற்று கீழே போகும். குழாயையும் கயிற்றையும் பார்த்துக்கொள்ள மேலே ஒருவர் வேண்டும். அன்றைக்கு நின்றது மச்சினன், அதாவது என் அப்பா. எஞ்சின் நின்றுவிட்டது என்றார்கள். குழாய் முறுக்கிக்கொண்டது என்றும் சொன்னார்கள். அப்பா அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. ஊர் அத்தையைத்தான் பார்த்தது. அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை, அவள் ராசி அப்படி என்றது. கல்யாண வீடுகளில் அவள் தானாகவே பின்கட்டுக்குப் போய்விடுவாள். அப்பாவிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கதை வந்த இதழை எவரோ அத்தையிடம் கொடுத்துவிட்டார்கள். விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாளாம். அடுத்த முறை நான் ஊருக்குப் போனபோது கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: “மருமவனே, நான் சிரிச்சது உள்ளதுதான். சிரிக்கத்தான் செய்வேன். கயித்தப் புடிச்சவன எங்க காணோம்?”

திரும்பி வந்து கதையை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் மனவோட்டம் நான்கு பக்கம். மேலே நின்றவன் ‘படகிலிருந்த ஆள்’ என்று ஒரே இடத்தில் வருகிறான். பெண் மனத்தை ஆராய்வதாக நினைத்துக்கொண்டு நான் செய்தது ஓர் ஆணை மறைத்துவைத்ததுதான்.

பழியை அத்தையிடமிருந்து எடுத்து அப்பாவிடம் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எஞ்சின் நிற்கும், குழாய் முறுக்கும். அவர் கண் ஒரு விநாடி அகன்றிருக்கலாம்; அகலாமலும் இருந்திருக்கலாம். ஆனால் சாகும் வரைக்கும் அந்த விநாடியோடு வீட்டுக்குள் ஒரு மனிதர் இருந்தார். எழுதுகிறவன் என்று பெயர் வாங்கிய நான் அவரை ஒரு பாத்திரமாகப் பார்க்கவே இல்லை. பெண்ணைக் காரணமாக்கும் கதையில் பெண் மட்டும் பொய்யாகப் போவதில்லை. ஆணுக்கும் கை இல்லாமல் போய்விடுகிறது. அவன் வீரனாகச் சாகிறான், அல்லது பிணமாகக் கரை ஒதுங்குகிறான். பொறுப்பு என்ற ஒன்று, நடுக்கத்தோடு ஒருவன் கையில் இருந்தது என்ற விஷயமே இலக்கியத்துக்கு அகப்படாமல் போகிறது. கற்பைப் பற்றி நாம் எழுதிய அளவுக்குக் கவனத்தைப் பற்றி எழுதவில்லை.

அந்தக் கதையை நான் இன்னும் திருத்தி எழுதவில்லை. எழுதினால் படகிலிருந்து தொடங்க வேண்டும். அப்பா போய் நான்கு வருஷமாகிறது. அத்தைக்குக் கண் மங்கி வருகிறது. அவள் படிக்க முடிகிறபோதே எழுதிவிட வேண்டும்.