நினைவும் நடுவுநிலைமையும்

மாண்ட நண்பரை நினைப்பது அன்பின் கடன். அந்நினைவைத் தொகுத்து நூலாக்கி உலகின்முன் வைக்கும்பொழுது அன்பு ஒன்றே போதுமா? உடன் பயின்றோரைப் போரில் இழந்த ஜப்பானியத் தலைமுறையொன்று இவ்வினாவை எதிர்கொண்டது. அவ்வரலாறு நம் நாட்டின் ஒரு தீவையும் தொடுகிறது. ஆகவே, நாமும் அதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

ஜப்பானில் பல்கலைக்கழக மாணவர்க்குப் படைப்பணியை ஒத்திவைக்கும் சலுகை இருந்தது. போர் நிலைமை சீர்கெடவே, 1943-இல் கலைப்பிரிவினர்க்கு அச்சலுகை நீக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று, டோக்கியோவின் விளையாட்டரங்கொன்றில், மாணவர்கள் தோளில் துப்பாக்கி ஏந்திக் கொட்டும் மழையில் அணிவகுத்தனர். பிரதமர் தோஜோ வழியனுப்பும் உரையாற்றினார். சென்றவருள் பலர் மீளவில்லை.

போர் ஓய்ந்தபின், மாண்டோரின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் திரட்டப்பெற்றன. டோக்கியோ பல்கலைக்கழக மாணவரின் எழுத்துகள் 1947-இல் நூலாயின. பல கல்வி நிலையங்களைச் சேர்ந்த 75 பேரின் எழுத்துகள் 1949-இல் 'கிக்கே வதாட்சுமி நோ கோயே' என்னும் பெயரில் வெளிவந்தன. கடல்தெய்வத்தின் குரலைக் கேளுங்கள் என்பது அதன் பொருள்.

அந்நூலின் முன்னுரையில், பிரெஞ்சு இலக்கிய அறிஞர் வாடனாபே கசுவோ ஓர் உண்மையை மறையாது உரைத்தார். போரைப் போற்றிய மாணவரின் எழுத்துகளையும் சேர்ப்பதே நேர்மை என அவர் முதலில் கருதினார். அன்றைய சமுதாயத்தில் அவை தீய விளைவு தரக்கூடும் என வெளியிடுவோர் மறுத்தனர், அவரும் இசைந்தார். மீண்டும் ஒரு போர் வேண்டா என்னும் அந்நோக்கம் உயர்ந்ததே. எனினும், விடுபட்டோரும் அதே வகுப்பறையில் அமர்ந்தவர்களே. ஐயுற்றோரை மட்டும் நினைவில் நிறுத்தினால், கற்ற இளைஞர் ஒருவர் போரை எவ்வாறு போற்றத் தலைப்பட்டார் என்பதை அறியும் வழி அடைபட்டுவிடும் அன்றோ?

அந்நூலில் இடம்பெற்றவருள் ஒருவர் கிமுரா ஹிசாவோ. கியோட்டோவில் பொருளியல் பயின்றவர். நம் கார் நிக்கோபார் தீவில் மொழிபெயர்ப்பாளராய்ப் பணியாற்றியவர். ஒற்றர் என ஐயுற்று, 1945-இல் அத்தீவு மக்கள் பலரை ஜப்பானியப் படை கொன்றது. விசாரணையில் பங்குகொண்ட கிமுராவுக்கு ஆங்கிலேய இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 1946 மே 23 அன்று, சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில், தம் 28-ஆம் வயதில் தூக்கிலிடப்பட்டார். இறுதி நாட்களில் ஒரு தத்துவ நூலின் ஓரங்களில் அவர் எழுதிய குறிப்புகள் படிப்போர் நெஞ்சை உருக்குவன. ஆயினும், இரு வேறு இறுதி மடல்களை இணைத்தும் திருத்தியும் அச்சிடப்பட்டதே நூலில் உள்ள வடிவம் என்பது 2014-இல் வெளியாயிற்று.

மேலதிகாரிகளின் பழியைச் சுமந்து மாண்ட இளைஞர் என அவருக்காக இரங்குவது பிழையன்று. ஆனால், கொல்லப்பட்ட தீவு மக்களுக்குக் கடிதம் திரட்டித் தர வகுப்புத் தோழர் எவர் இருந்தனர்? பல்கலைக்கழகம் கண்டோர்க்கு நூல் உண்டு; தென்னந்தோப்பில் வாழ்ந்தோர்க்கு உறவினரின் நினைவே உண்டு. முதல்வர்க்காக வடிக்கும் கண்ணீர் பின்னவரைக் காணவொட்டாது நம் கண்ணை மறைக்குமாயின், அந்த இரக்கம் அரைகுறை இரக்கமே.

கோப்புகளோடு பழகிய நாம் ஒன்றறிவோம். ஒரு தாளை உருவிவிட்டால், எஞ்சிய தாள்கள் ஒவ்வொன்றும் மெய்யாயினும் கோப்பு பொய்யுரைக்கும். நினைவும் அத்தகையதே. அன்புடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் நடுவுநிலைமைக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். நினைவு மலர் தொகுப்போரும் இரங்கல் உரை நிகழ்த்துவோரும் இவ்விரண்டையும் சேர்த்தே கைக்கொள்ள வேண்டும். நண்பரின் நிறையோடு குறையையும், அவர் இழந்தவற்றோடு அவர் தரப்பால் பிறர் இழந்தவற்றையும் எழுதத் துணிவோமாக. அன்புக்கு அதனால் குறைவு நேராது.