அம்மன் முன்னால் பபூன்

சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் அம்மன் கோயில் பொங்கலுக்கு ஸ்பெஷல் நாடகம் வைக்கும் ஊர்களில், வள்ளி திருமணத்தன்று முதலில் மேடையேறுவது முருகனோ வள்ளியோ அல்ல, பபூன். ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்க அவர் வந்து, பாடி, டான்ஸ் ஆடும் பெண்ணோடு வம்பு வளர்த்து, சனத்தைச் சிரிக்கவைத்த பிறகே கதை தொடங்கும். நேர்ந்துகொண்டு நடத்தும் நாடகத்தில் இந்தச் சிரிப்புக்கு என்ன வேலை? ஆட்கள் தூங்கிவிடாமல் இருக்க என்பார்கள். அப்படியானால் அவர் நடுச்சாமத்துக்குப் பிறகல்லவா வரவேண்டும்? யாருக்கும் தூக்கம் வராத நேரத்தில் வருகிறார். பல ஊர்களில் மேடையும் கோயில் வாசலைப் பார்த்தே நிற்கிறது. அந்தச் சிரிப்பை அம்மனுக்குத்தான் முதலில் படைக்கிறோம் என்பது என் துணிபு.

கதையே இதற்குச் சாட்சி. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மேடைக்கு எழுதித் தந்த வள்ளி திருமணத்தில் முருகன் வேடனாக வந்து தோற்று, கிழவனாக வந்து தினைமாவு கேட்கிறான். மதுரையில் சிவன் பிட்டுக்கு மண் சுமக்க வந்து, வேலை செய்யாமல் ஆடிப்பாடிப் பிரம்படி வாங்குகிறான். அது சாமியின் லீலை, பபூன் செய்வது கூலிக்கான கூத்து என்று மறுக்கலாம். நாதஸ்வரக்காரரும் கூலி வாங்குகிறார். அதனால் அவர் வாசிப்பு பூஜையில் சேராமல் போய்விடுவதில்லை. சிவகாசியில் 1886இல் பிறந்த நாடக நடிகர் விஸ்வநாத தாஸையும் நினைத்துப் பார்க்க வேண்டும். முடிதிருத்தும் சமூகத்தவர் என்று அவரோடு நடிக்க மறுத்தவர்கள் உண்டு, நடிகை கே.பி. ஜானகி துணிந்து நடித்தார். வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டும் கதைக்குள்ளேயே வெள்ளைக்காரனைக் கொக்காக்கிப் பாடினார் தாஸ். பலமுறை சிறை போனார். அது அரசியல், பக்தியல்ல என்று பிரிக்க என்னால் முடியவில்லை. 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் மயில்மேல் முருகனாக அமர்ந்து பாடும்போதே அவர் உயிர் பிரிந்தது. அந்தக் கேலியும் அந்த வேலவனும் ஒரே தொண்டையில் இருந்தவை.

இரட்டை அர்த்தப் பேச்சைச் சொல்லி எழும் ஆட்சேபம்தான் கனமானது. அது நியாயமும்கூட. தானே ஏமாந்து, தானே விழுந்து பபூன் சிரிக்கவைப்பது வேறு. டான்ஸ் ஆடும் பெண்ணின் மானத்தை விலையாக வைத்துச் சிரிக்கவைப்பது வேறு. பின்னது படையல் ஆகாது, ஏனென்றால் அதன் விலையைக் கொடுப்பவள் கேட்காமலே கொடுக்கவைக்கப்படுகிறாள். ஆனால் அதற்காகப் பபூன் பகுதியையே வெட்டினால், கிழவனாகத் தள்ளாடி வரும் முருகனைப் பார்த்தும் சிரிக்கக்கூடாது என்றாகிவிடும். விழாக் கமிட்டி வெட்ட வேண்டாம். முன்பணம் கொடுக்கும்போதே, அந்தப் பெண்ணையும் உடன் வைத்துக்கொண்டு, பபூனிடம் இந்த எல்லையைப் பேசி முடிக்கட்டும்.