களைப்பு யார் கணக்கில்?



கடையில் ஒரு சரக்கு குறைந்தால் அதை எவர் கணக்கில் பற்று எழுதுவது என்பதை நாம் நன்கு அறிவோம். வீட்டில் ஒரு தாயின் உறக்கமும் உடல்பலமும் நாள்தோறும் குறைந்து வருகின்றன. இதை எவர் கணக்கில் எழுதுவது? அவள் கணக்கிலேயே எழுதிவிட்டு, "பொறுமைசாலி" என்று ஒரு பாராட்டையும் வரவு வைத்துவிடுவது நம் வழக்கம். அவ்வழக்கம் நியாயமானதுதானா?

பாசிர் ரிஸ்ஸில் குடியிருந்து, நகரில் முழுநேர உத்தியோகம் பார்க்கும் தாய் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். கிழக்கு மேற்கு ரயில் பாதையின் கிழக்குக் கோடி நிலையம் அது. 1989 டிசம்பரில் திறக்கப்பெற்றது. அங்கிருந்து பூகிஸ் வந்து, வண்டி மாறி, லிட்டில் இந்தியா வந்து சேர ஏறத்தாழ முக்கால் மணி நேரமாகும். மூத்த பிள்ளை காலை ஏழரைக்குள் பள்ளியில் இருக்கவேண்டும். இளையது புளோக்கின் கீழுள்ள பராமரிப்பு நிலையத்தில் இருக்கும். அது மாலை ஏழு மணிக்கு மூடிவிடும். அந்நேரம் கடைக்காரக் கணவருக்கோ வியாபாரம் மும்முரமாயிருக்கும் நேரம். ஆகவே ஓடிவருகிறவள் அவளே. பின்னர் சமையல், பாடம், துணி, பாத்திரம்.

அதே 1989ஆம் ஆண்டில் ஆர்லி ஹோக்ஷில்ட் என்னும் அமெரிக்கச் சமூகவியல் பேராசிரியை "இரண்டாம் ஷிப்ட்" எனப் பொருள்படும் தலைப்பில் நூலொன்று வெளியிட்டார். அக்காலத்து அமெரிக்கக் கணக்குகளைக் கொண்டு பார்த்தபோது, உத்தியோகம் பார்க்கும் மனைவி தன் கணவனைவிட ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் அதிகமாக உழைப்பதை அவர் கண்டார். இரவும் பகலும் சேர்ந்த முழு நாட்களாலான மாதம் அது! நம் கடையில் எந்தச் சிப்பந்தியாவது ஒரு மாதம் சம்பளமின்றி வேலை பார்ப்பாரா?

"பெண் வேலைக்குப் போனதால் வந்த வினை இது" என்பாரும் உளர். அவர்கள் தஞ்சோங் பகாரை மறந்துவிட்டார்கள். அங்கு குடியிருந்த கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்களின் பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றுச் சம்பாதித்தவர்கள். அவர்களும் பிள்ளை பெற்று வளர்த்த தாய்மார்களே. அவர்கள் களைக்கவில்லை என்றல்ல. அக்களைப்பை எவரும் கேட்டு எழுதவில்லை. எனினும் அவர்களுக்கு அண்டை வீட்டில் ஓர் அக்காளோ மாமியோ இருந்தார். இன்று அடுக்குமாடியில் கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பது அவள் ஒருத்திதான்.

அண்ணலாரின் மகளார் பாத்திமா (ரலி) அவர்கள் திரிகை சுற்றிக் கை காய்த்து, பணியாள் ஒருவர் வேண்டுமெனத் தந்தையாரிடம் கேட்கச் சென்ற வரலாறு நாம் கேட்டதே. பணியாளுக்குப் பதிலாக, படுக்கைக்குச் செல்லுமுன் ஓதும் திக்ரு கற்றுத்தரப்பட்டது. இதைச் சொல்லி மனைவியின் வாயை அடைப்பவர்கள் நம்மிலே உண்டு. களைப்பைச் சொன்னதற்காக மகளார் கடிந்துகொள்ளப்படவில்லை என்பதை அவர்கள் சொல்வதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது வீட்டார் பணியில் ஈடுபட்டிருந்ததாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதையும் சொல்வதில்லை. பாதிச் சரக்கை மட்டும் தராசில் வைப்பது வியாபாரிக்கு அழகா?

நிற்க. "நான்தான் உதவி செய்கிறேனே" என்று சொல்லும் கணவர்கள் பலர். இங்கேதான் விஷயம் இருக்கிறது. நம் கடையில் இருவிதமான ஆட்கள் உண்டு. ஒருவன் சொன்னதைச் செய்வான். அரிசி மூட்டையை எடு என்றால் எடுப்பான். மற்றவர் பொறுப்பாளர், அரிசி எப்போது தீரும், எவரிடம் வாங்குவது, வந்த சரக்கு சரியா என்பதெல்லாம் அவர் தலையில். முன்னவனைப்போல் பத்துப் பேர் இருந்தாலும் முதலாளிக்கு இரவில் தூக்கம் வராது. பின்னவர் ஒருவர் இருந்தால் ஊருக்கே போய்வரலாம். வீட்டில் நாம் பெரும்பாலும் முன்னவனாகவே இருக்கிறோம். தடுப்பூசி என்றைக்கு, பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்றா, சின்னவனின் காலணி சிறிதாகிவிட்டதா என்று நினைத்துக்கொண்டே இருப்பது அவள் வேலை. அலிசன் டாமிங்கர் என்னும் ஆராய்ச்சியாளர் 35 தம்பதியரைப் பேட்டி கண்டு 2019இல் வெளியிட்ட ஆய்வும் இதையே கூறுகிறது: முடிவெடுப்பதில் கணவர்கள் கலந்துகொள்கிறார்கள், முன்கூட்டி யோசிப்பதும் பின்னர் கண்காணிப்பதும் பெரும்பாலும் மனைவியிடமே தங்கிவிடுகின்றன. உட்கார்ந்திருக்கும்போதும் களைப்பாயிருக்கிறது என்று அவள் சொல்வதன் காரணம் இதுவே.

பணிப்பெண் வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். வசதியுள்ளோர் வைக்கலாம். ஆனால் வருகிறவளும் பல சமயம் பிள்ளைகளை ஊரில் விட்டுவந்த ஒரு தாய். அவளுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்பது 2013இல்தான் சட்டமாயிற்று. ஒரு தாயின் களைப்பை இன்னொரு தாயின் தலையில் இறக்கிவிட்டுக் கணக்குத் தீர்ந்தது என்று சொல்ல நமக்கு மனம் வருமா?

சட்டம் ஓரளவு வழி திறந்திருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் நாளிலிருந்து பிறக்கும் சிங்கப்பூர்க் குடிமகவுக்கு, தகுதியுள்ள தந்தைக்கு நான்கு வார விடுப்பு கட்டாயம். அதற்கான ஊதியத்தை வரம்புக்குட்பட்டு அரசாங்கமே ஈடுசெய்கிறது. சொந்தத் தொழில் செய்வோரும் இதைக் கோரலாம். நம்மில் எத்தனை பேர் கோருவோமோ! நம் கடைகளிலும் தாய்மார்கள் வேலை பார்க்கிறார்கள். நேரத்தை மாற்றித்தருமாறு முறைப்படி எழுதிக்கேட்டால் இரண்டு மாதத்துக்குள் பதில் தரவேண்டும் என்று 2024 டிசம்பர் முதலான வழிகாட்டி நெறி கூறுகிறது. இரண்டு மாதம் எதற்கு? கல்லாவில் உட்கார்ந்தபடியே அன்றைக்கே சொல்லிவிடலாம்.

வீட்டில் ஏதேனும் ஒரு பிரிவை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட விவகாரம் என்றால், அறிவிப்புகள் வரும் "பேரண்ட்ஸ் கேட்வே" செயலி உங்கள் கைத்தொலைபேசியில் இருக்கட்டும். அவள் நினைவூட்டக்கூடாது, நீங்களும் கேட்கக்கூடாது. தாய்மார்களுக்கும் ஒரு சொல்: புதுப் பொறுப்பாளர் வந்த மாதம் கொள்முதலில் கொஞ்சம் முன்பின் ஆகும். பிள்ளை ஒருநாள் வர்ணப்பெட்டி இல்லாமல் பள்ளிக்குப் போய் நிற்கும். அன்றைக்கு ஆசிரியை அழைத்தால், பதில் சொல்லவேண்டியவர் தகப்பனாரே.