விடாமையும் அன்பும்

பல்லாண்டு பயன் காணாதிருந்தும் வழிபாட்டை விடாது செய்வானை மெய்யன்பன் என உலகம் போற்றும். விடாமை ஒன்றே அன்பிற்குச் சான்றாமோ என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

பழக்கத்தின் இயல்பை மேனாட்டு உளநூலார் சோதனைவாயிலாக ஆய்ந்துளர். ஹம்பிரீஸ் என்பார் 1939-ஆம் ஆண்டில் மக்களிடத்துச் சோதித்தனர். ஸ்கின்னர், பெர்ஸ்டர் என்னும் அமெரிக்க அறிஞரிருவர் புறா முதலியவற்றைக்கொண்டு ஆய்ந்தவை 1957-இல் நூலாக வெளிவந்தன. தகட்டைக் கொத்துந்தோறும் தானியம் பெற்றுப் பழகிய புறா, தானியம் நின்றவழி விரைவிற் கொத்துதலை ஒழியும். இன்னபோதென்று அறியாவகை இடையிடையே பெற்றுப் பழகியதோ, தானியம் முற்றும் நின்ற பின்னரும் நெடும்பொழுது கொத்தும். உளநூலார் இதற்குக் கூறுங் காரணங்களுள் ஒன்று நாம் கருதத்தக்கது: இடையிட்டுப் பெற்றுப் பழகிய உயிர்க்குப் பயன் தாழ்த்தலும் பயன் அற்றொழிதலும் வேறுவேறாகப் புலப்படா என்பதே அது.

ஆகவே, இவ்விடாமை அறியாமையை நிலைக்களனாக உடையது. சூதாடுவான் சூதினை விடாமையும் இத்தகையதே. சிலகால் வேண்டியது எய்தி, பலகால் எய்தாது, இம்முறை எய்தும் எய்தும் என்றே வழிபடுவான் விடாமையும் அதன்பாற்படும்.

அற்றேல், காமிய வழிபாடு கடியத்தக்கதோவெனின், அன்று. பயன் கருதியேனும் திருமுன் வந்தான் வாராதானினும் மேலானவன். அவ்வழிபாட்டின்கண்ணே அன்பு முளைத்தற்கும் இடனுண்டு. ஆயினும், நுகர்ச்சி அவரவர் வினைக்கேற்ப இறைவனாற் கூட்டப்படுவது. அதன் வரவு செலவுகொண்டு திருவருளை அளத்தல் பொருந்தாது. இனி ஒன்றும் வாராதென்று தெளிய அறிந்தவிடத்தும் குறையாது நிற்பதே அன்பு. முன்னையது அறியாமையால் நீள்வது. இஃது அறிவால் நிலைப்பது.

வாசனாமலம் எளிதில் நீங்காமைக்கும் இதனால் ஒரு விளக்கம் பெறுகின்றோம். உலகின்பம் எஞ்ஞான்றும் வருவதன்று, இடையிடையே வருவது. அதனாலேயே அதன்மேற் பற்று வலிதாகின்றது. நோன்பு பூண்டார் ஒரோவழி அவ்வின்பத்திற்கு இடங்கொடுப்பின், அற்றுப்போகும் பழக்கத்தைத் தாமே உரம்பெறச் செய்தவராவர். சிவஞானபோதம் ஒன்பதாஞ் சூத்திரத்தில் இவ்வாசனை நீக்கத்தின்பொருட்டுத் திருவைந்தெழுத்தை ஓதுமாறு விதித்தமை ஈண்டுச் சிந்திக்கற்பாலது. அவ்வோதுதலும் பயன் வந்தநாள் மிகுத்தும் வாராதநாள் குறைத்தும் செய்யப்படுமாயின், நீக்கக் கருதிய பழக்கத்தின் வழியதேயாம்.

ஆதலின், வேண்டியது கிடைத்த வரலாறுகளை மட்டுமே எடுத்தோதி மக்களை வழிபாட்டிற் செலுத்துவோர், தாம் வளர்ப்பது அன்போ, விடாப்பிடியோ என ஆய்ந்து ஒழுகுவாராக.