மேல்வீட்டுத் தரை, கீழ்வீட்டுக் கூரை

தவறு செய்யாதவருக்கும் பொறுப்பு உண்டா? பெரிய தத்துவக் கேள்வி மாதிரி இருக்கு, இல்லையா? ஆனால் ஈசூன் வீவக வீடுகளில் வசிக்கும் பலருக்கு இது குளியலறைக் கூரையில் சொட்டும் தண்ணீரோடு வருகிற கேள்வி.

ஈசூனின் பழைய புளோக்குகள் பல 1980களில் எழுந்தவை. குளியலறை டைல்ஸுக்கு அடியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் பூச்சு ஒன்று இருக்கும். வருஷங்கள் போகப் போக அது தேய்ந்துவிடும். மேல்வீட்டுத் தண்ணீர் காங்கிரீட்டுக்குள் இறங்கி, விரிசல் வழியே நகர்ந்து, கீழே வேறோர் இடத்தில் சொட்டும். அதனால்தான் கூரைக்குப் பெயின்ட் அடித்தாலும் கொஞ்ச நாளில் கறை திரும்ப வந்துவிடுகிறது.

மூலத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி: மேல்வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்க்கணும். அப்போதும் ஓடினால் குழாயில் கசிவு. மீட்டர் நின்றிருந்து, குளித்த பிறகு மட்டும் கீழே சொட்டினால் தரைமேல்தான் சந்தேகம். டைல்ஸைப் பெயர்த்து, புதுப்பூச்சு போட்டு, ஒரு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்துவிட்டுத்தான் மூடணும். (உங்கள் வீடு கடைசி மாடியில் இருந்தால், மேலே உள்ள கூரை நகர மன்றத்தின் பொறுப்பு.)

கவனிச்சீங்களா? கஷ்டம் கீழ்வீட்டில், வேலை முழுக்க மேல்வீட்டில். "என் வீட்டுல ஒன்னும் ஒழுகலையே, நான் ஏன் காசு கொடுக்கணும்?" என்பார் மேல்வீட்டுக்காரர். அவர் எதையும் உடைக்கவில்லை, குளித்தார், அவ்வளவுதான். "நான் மட்டும் என்ன செஞ்சேன்?" என்பார் கீழ்வீட்டுக்காரர். அதுவும் நியாயம்தான்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் இருவருக்குமே பொறுப்பு என்கிறது. அதன் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் செலவில் 50 விழுக்காட்டைக் கழகம் ஏற்கிறது. மீதியில் இரு வீட்டாருக்கும் தலா 25. பாதிக்கப்பட்டவரும் ஏன் கட்டணும் என்று கோபம் வரலாம். ஆனால் அவருடைய தரையும் நம்முடைய கூரையும் ஒரே காங்கிரீட். நமக்குக் கீழேயும் ஒரு வீடு இருந்தால், அந்த வீட்டுக்கு நாம்தான் மேல்வீட்டுக்காரர்.

"எல்லாம் அவன் கர்மா" என்று பிறரைக் குற்றம் சொல்ல அந்தச் சொல்லை எடுத்துவிடுகிறோம். கர்மம் என்றால் செயல். நம் கோயில்களில் 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடக்கிறது. அதற்கு முன் திருப்பணி. கோபுரத்தில் சுதை உதிர்ந்தது யார் தப்பு என்று யாரும் விசாரிப்பதில்லை. வெயிலும் மழையும் செய்த வேலை அது. இப்போது இருப்பவர்கள் கூடிச் செப்பனிடுகிறோம். குற்றவாளி இல்லாத இடத்திலும் கடமை இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எங்கே பார்க்க முடியும்?

ஒத்துழைக்க மறுக்கும் வீட்டுக்குள் சென்று சோதிக்கக் கழகத்துக்கு அதிகாரம் தரும் சட்டத்திருத்தம் 2015ல் வந்தது. சட்டம் கதவைத் திறக்க வைக்கலாம். ஆனால் அதற்குப் பிறகும் அதே மின்தூக்கியில்தானே இருவரும் போய் வரணும்?

இளையர்களே, இதில் உங்களுக்கு வேலை இருக்கிறது. மேல்வீட்டு ஆண்ட்டியிடம் பேச அப்பா அம்மாவுக்கு மொழி தடையாக இருந்தால், நீங்கள் கூடப் போங்கள். "உங்களாலதான்" என்று ஆரம்பிக்காமல், "வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டுக் கறையைக் காட்டுங்கள். நாளை உங்கள் கதவை யாராவது தட்டினால், தப்பு யாருடையது என்று கேட்கும் முன் உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.