ஆறாவது ஆள்

நாதஸ்வரக் கச்சேரியில் ‘ஒத்து’ என்பது சுருதிக்காக மட்டும் ஊதப்படும் குழல். பார்வைக்கு நாதஸ்வரம் போலவே நீண்டிருந்தாலும் அதில் விரல் வைத்து வாசிப்பதற்கான துளைகள் கிடையாது. அடிப்பகுதியில் உள்ள ஓரிரு துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்த்துக்கொண்ட பின்னர், கச்சேரி முடியும்வரை ஒரே ஸ்வரத்தை அறுபடாமல் ஊதிக்கொண்டிருப்பதே அதை ஏந்தியவரின் வேலை. நாயனம் இரண்டு, தவில் இரண்டு, தாளம் ஒன்று என ஐந்து பேர் அடங்கிய செட்டுக்கு ஒத்துக்காரர் ஆறாவது ஆளாக இருந்தார். மின்னணுச் சுருதிப் பெட்டி பரவலாகப் புழக்கத்துக்கு வந்த பிறகு, அந்த ஆறாவது ஆளுக்கான பங்கு பெரும்பாலான ஊர்களில் மெல்ல இல்லாமற்போயிற்று.

நாதஸ்வரம் உடலைக் கேட்கும் கருவி. கொறுக்கைத் தட்டையில் செய்யப்படும் சீவாளியை உதடுகளுக்கிடையே பற்றி, அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும், காற்றின் அளவை மாற்றியுமே ஏழு துளைகளிலிருந்து எல்லா ஸ்வரங்களையும் கமகங்களையும் எழுப்ப வேண்டியிருப்பதால், முன்பற்கள் ஆடத் தொடங்கும்போதே வாசிப்பும் ஆடத் தொடங்கிவிடுகிறது. சிறிய ஊர்களின் செட்டுகளில் இதற்குப் பிறகு நடப்பதை யாரும் அறிவிப்பதில்லை. முதல் நாயனத்தில் இருந்தவர் இரண்டாம் நாயனத்துக்கு நகர்கிறார், சில ஆண்டுகள் கழித்துத் தாளத்தைக் கையில் எடுக்கிறார், பின்னர் ஒரு முகூர்த்தத்துக்கு அழைப்பு வராமல் போகிறது, அவரும் ஏன் என்று கேட்பதில்லை.

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்வு மிகச் சிறியது. போடிநாயக்கனூருக்கு மேற்கே, கொட்டகுடி ஆற்றை ஒட்டிச் செல்லும் சாலை மலையடிவாரத்தில் முடியும் இடத்தில் உள்ள குரங்கணியை வெளியூர்க்காரர்கள் 2018 மார்ச் மாதக் காட்டுத் தீயோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அது தோட்ட வேலைக்கு ஏறி இறங்கும் வழி, அம்மன் கோயிலுக்கு ஆண்டுதோறும் மேளம் வரும் ஊர். அப்படியொரு திருவிழா இரவில் வந்திருந்த செட்டில், எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பகுதியில் முதல் நாயனம் வாசித்தவர், தூணோரம் அமர்ந்து ஒத்து ஊதிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் சுருதிப் பெட்டியும் இருந்தது. அதன் சிறிய பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆக, அந்த இரவில் சுருதி இரண்டு இடங்களிலிருந்து வந்தது, இரண்டில் ஒன்று தேவையில்லாதது. நள்ளிரவுக்குப் பிறகு, தோடி ஆலாபனையின் நடுவில் பார்த்தபோது பச்சை விளக்கு அணைந்திருந்தது. சுருதி நின்றிருக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஆயினும் அந்த விளக்கை அணைத்தது யார் என்ற கேள்வி, அதைக் கண்டவரின் மனத்தை ஓராண்டாக விடவில்லை. இளைய நாயனக்காரர் மரியாதையின் பொருட்டு ஓசையில்லாமல் அணைத்திருக்கலாம். முதியவரே கைநீட்டி அணைத்திருக்கலாம். அப்படியானால் அச்செயலில் இருந்தது தன்னம்பிக்கையா, பெட்டியின் மீதான கோபமா என்பது வேறொரு கேள்வி. மலையடிவாரத்தில் மின்சாரம் ஒரு கணம் போய்வந்து, பெட்டி தானாக நின்றிருக்கவும் கூடும். மூன்றாவது விளக்கமே உண்மை என்றால், அங்கிருந்த எவரும் எதையும் கவனிக்காமலேயே ஒரு முதியவர் செட்டு முழுவதையும் தன் மூச்சில் தாங்கியிருக்கிறார்.

தாங்கினார் என்பது மிகையான சொல் அன்று. ஒத்துக்கு உதட்டு நுணுக்கம் குறைவாகவே தேவைப்படும். ஆனால் கன்னத்தில் தேக்கிய காற்றைக் குழலுக்குள் தள்ளிக்கொண்டே மூக்கால் புதுக்காற்றை இழுக்கும் வித்தையை அதில் ஒரு நொடியும் நிறுத்த முடியாது. ராகம் வாசிப்பவருக்குத் தவில் தனியாவர்த்தனத்தின்போது ஓய்வு உண்டு. ஒத்துக்காரருக்கு அதுவும் கிடையாது. பல்லும் உதடும் தளர்ந்தவருக்கு இளைப்பாறும் இடமாகத் தோன்றும் அந்த மூலை, முதுமையில் குறையும் மூச்சையே அதிகமாகக் கேட்கிறது.

தமிழில் ‘ஒத்து ஊதுதல்’ என்பது வசைச்சொல்லாகிவிட்டது. சுயபுத்தி இல்லாமல் அடுத்தவர் சொல்லுக்குத் தலையாட்டுபவரைக் குறிக்கும் அந்த வழக்கைப் பள்ளிக்கூடத்துச் சண்டைகளில் தாராளமாகப் பயன்படுத்திய பிள்ளைகளுள் இக்கட்டுரையை எழுதுபவரும் ஒருவர். அக்காலத்தில் ஒத்து ஊதியவர்கள் பெரும்பாலும் கற்றுக்கொள்ளும் சிறுவர்களாக இருந்தனர். ஊர்வலத்தின் பின்வரிசையில் கன்னங்கள் புடைத்து, கண்கள் சிவந்து நடந்துவந்த, தங்கள் வயதே உடைய ஒரு பையனைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்தவர்களைக் கடிந்துகொண்ட ஒரு பாட்டி, “அவன் நிறுத்துனா எல்லாரும் நிறுத்தணும்டா” என்று சொன்னது மட்டும் நினைவில் தங்கியிருக்கிறது. அது இசை தெரிந்து சொன்னதா, பையன்மேல் இரக்கப்பட்டுச் சொன்னதா என்பது அப்போதும் விளங்கவில்லை. வித்தையின் முதல் நாளில் கொடுக்கப்பட்ட குழலே கடைசி நாள்களில் மீண்டும் கைக்கு வருகிறது என்ற எண்ணம் குரங்கணி இரவுக்குப் பின்னரே தோன்றியது.

குரங்கணியிலிருந்து மலையேறினால் வரும் டாப் ஸ்டேஷன் என்ற இடத்தில் ஸ்டேஷன் ஏதும் இல்லை. மூணாறிலிருந்து அங்கு ஓடிய சிறு ரயில் 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. அங்கிருந்து கம்பிவழியாகத் தேயிலைப் பெட்டிகளைக் கொட்டகுடிக்கு இறக்கிய காலமும் முடிந்தது. எனினும், ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் பெயர் மாறவில்லை. விரல் வைக்கத் துளையில்லாத குழலை ஏந்தியிருந்த அம்முதியவரையும் ஊரார் அன்றிரவு ‘நாயனக்காரரே’ என்றுதான் விளித்தார்கள்.

இந்த மலைச்சரிவுக்கு இசையில் முதுமை என்ற கேள்வி புதிதல்ல. போடிக்குத் தெற்கே உள்ள பண்ணைப்புரத்தில் பிறந்த பாவலர் வரதராசன் 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலுக்காக இதே மலைகளில் பாடித் திரிந்தவர். தம்பியின் முதல் படமான ‘அன்னக்கிளி’ 1976-இல் வெளிவருவதற்கு முன்பே மறைந்துவிட்டார். எப்போது நிறுத்துவது என்று யோசிக்கும் வயதே அவருக்கு வாய்க்கவில்லை. அந்தத் தம்பி இளையராஜா 81 வயதில், 2025 மார்ச் 8 அன்று, லண்டனில் தம் சிம்பொனியை மேடையேற்றினார். ‘அன்னக்கிளி’யில் அவருக்காகப் பாடிய எஸ். ஜானகி 2017-இல் மைசூரில் கடைசிக் கச்சேரியைப் பாடி, மேடையிலிருந்து தாமாகவே விடைபெற்றார். ஒருவர் தொடர்ந்ததும் மற்றவர் நிறுத்தியதும் ஒரே அளவு மதிப்புக்குரியவையே. ஆனால் இருவருக்கும் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது. நாள்கூலிக்குப் போகும் மேளக்காரருக்கு அந்த உரிமை இல்லை, விடைபெறும் மேடையும் இல்லை. 58 வயது நிறைந்த கலைஞர்களுக்கு அரசு வழங்கும் மாத உதவிக்கு ‘நலிந்த கலைஞர்’ உதவி என்று பெயர். உதவி வேண்டியதே, ஆயினும் அதைப் பெறுவதற்கு ஒருவர் முதலில் தம்மை நலிந்தவர் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதையை எப்போதோ படித்தபோது மனத்தில் பதிந்தவற்றுள் ஒன்று இங்கே பொருந்துமோ என்று தோன்றுகிறது. ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் மாதவி அரங்கேறுவதை அந்தக் காதை கணக்காகச் சொல்கிறது. அவளுக்குப் பின்னணியாக நின்ற தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்களின் தகுதிகளை விரிவாக அடுக்குகிறது. குழலோசை, யாழோசை, தண்ணுமை ஓசை ஆகியவை ஒன்றன்வழி ஒன்று நின்றதையும் கூறுகிறது. ஆனால் எதன் பின் எது என்ற வரிசை நூலைத் திறக்காமல் நினைவுக்கு வரவில்லை. அந்த ஆசிரியர்களின் வயதைப் பற்றி அங்கு ஒரு சொல்லும் இருந்ததாக நினைவில்லை. ஒன்றன்வழி ஒன்று நிற்கத் தெரிந்தவருக்கு வயது பொருட்டில்லை என்று இளங்கோ கருதினார் என்று வாதிடத் தோன்றும். அது வெறும் விருப்பமாகவும் இருக்கலாம். மூச்சு அறுந்த நாளில் அந்தக் குழலாசிரியர் எங்கே போய் அமர்ந்தார் என்பதற்குக் காப்பியத்தில் விடை இல்லை.

விளக்கை அணைத்தது யார் என்று செட்டில் உள்ளவர்களிடம் கேட்டிருக்கலாம். தோடி முடிந்ததும் முதியவர் குழலைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார், இளையவர் பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கேட்டால் ஒன்று உடைந்துவிடும் என்ற அச்சத்தில் கேட்கப்படவில்லை. இளையவர் அணைத்தார் என்று நம்பவே மனம் விரும்புகிறது. அதற்கு ஆதாரம் இல்லை.

இவ்வாண்டுத் திருவிழாவுக்கும் அதே செட்டுக்குத்தான் அச்சாரம் கொடுக்கப்பட்டிருக்கிறது. விழாக் குழுவினரின் நோட்டில் ஆறு பேருக்குச் சாப்பாடு என்று எழுதியிருக்கிறது. ஆறாவது ஆள் யார் என்று எழுதவில்லை.